கண்மாயும் கவச வண்டியும்

மதுரைக்காரர்களுக்கு வண்டியூர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சித்திரைத் திருவிழா. வைகையில் இறங்கிய கள்ளழகர் அன்றிரவு போய்ச் சேர்வது வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குத்தான். அடுத்து நினைவுக்கு வருபவை இரண்டு நீர்நிலைகள். ஆற்றுக்கு வடக்கே, மாட்டுத்தாவணிக்கும் அண்ணா நகருக்கும் இடையே விரிந்து கிடப்பது வண்டியூர்க் கண்மாய். ஆற்றுக்குத் தெற்கே, நாலு பக்கமும் கல்படி கட்டி, நடுவில் மைய மண்டபத்தோடு நிற்பது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். ஒன்று வயலுக்கு, மற்றது சாமிக்கு. ஊர்க்காரர் எவரும் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார். ஆனால் அரசு ஆவணமானாலும் ஆங்கிலப் பத்திரிகையானாலும், ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டுமே டேங்க். கரையோர வீடுகளின் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் கறுப்புத் தொட்டியும் டேங்க்தான்.

இவ்வளவையும் ஒரே சொல் எப்படிச் சுமக்க வந்தது என்று தேடினால், பாதை வைகைக் கரையிலிருந்து குஜராத்துக்கும், அங்கிருந்து லிஸ்பனுக்கும், பிறகு முதல் உலகப் போரின் சேற்றுக்கும் போகிறது.

டேங்க் ஆங்கிலேயர் தம் ஊரிலிருந்து கொண்டுவந்த சொல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில வணிகர்கள் சூரத்துக்கு வந்து கடை விரித்தபோதுதான் இந்தச் சொல் அவர்கள் எழுத்தில் ஏறத் தொடங்கியது. குஜராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடித் தொட்டிக்கு டாங்கூ, டாங்கே என்ற பெயர்கள் உண்டு. ராஜஸ்தானில் அதுவே டாங்கா. மழை குறைந்த அந்தப் பகுதிகளில் வீட்டு முற்றத்துக்கு அடியில் தொட்டி கட்டி, கூரையில் விழும் மழைநீரை அதில் இறக்கி, ஆண்டு முழுவதும் குடிப்பார்கள். போர்பந்தரில் காந்தி பிறந்த வீட்டிலும் அப்படி ஒரு தொட்டி இருக்கிறது.

ஆனால் கதை அவ்வளவு நேராக முடிந்துவிடவில்லை. ஆங்கிலேயருக்கு நூறாண்டு முன்பே மேற்குக் கரையில் இறங்கிய போர்த்துக்கீசியரிடமும் 'டாங்கெ' என்ற சொல் இருந்தது. அவர்கள் மொழியில் அதற்குக் குளம் என்று பொருள். நீரைத் தடுத்துத் தேக்குவதைக் குறிக்கும் அவர்களுடைய வினைச்சொல்லோடு அது சேரும். ஸ்பானிய மொழியில் குளத்தைக் குறிக்கும் 'எஸ்தாங்கெ'யும் அதே குடும்பம். ஆக, ஆங்கிலம் இந்தச் சொல்லை குஜராத்திகளிடம் வாங்கியதா, போர்த்துக்கீசியரிடம் வாங்கியதா? இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பிறந்து, ஒலியாலும் பொருளாலும் கடற்கரையில் ஒட்டிக்கொண்டன என்று கருத இடம் இருக்கிறது. குஜராத்திச் சொல்லுக்கு மூலம் வடமொழித் தடாகமாக இருக்கலாம் என்று சொல்லும் அகராதிகளும் உண்டு.

இந்த இரட்டைப் பிறப்பை விரிவாக ஆராய்ந்தது ஹாப்சன்-ஜாப்சன் என்ற புகழ்பெற்ற அகராதி. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சில் ஏறிய சொற்களின் பெருந்தொகுப்பு அது, 1886இல் வெளிவந்தது. ஆசிரியர் இருவரில் ஒருவரான ஆர்தர் கோக் பர்னெல் நம் பக்கத்து மனிதர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவர். அகராதி அச்சேறுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1882இல், இறந்துபோனார். நண்பர் ஹென்றி யூல் அதை முடித்து வெளியிட்டார். காவிரி வாய்க்கால்களையும் கோயில் குளங்களையும் நேரில் பார்த்த ஒருவர் இந்தச் சொல்லின் கணக்கைத் தீர்க்க உட்கார்ந்தது பொருத்தமான காரியம்.

அதே அகராதியில் நம் சொற்களும் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. கண்மாய் நிரம்பினால் மிச்ச நீர் வழியும் கலிங்கு, அங்கே 'கலிங்குலா' ஆகிவிட்டது. சென்னை மாகாணப் பொறியாளர்கள் தங்கள் அறிக்கைகளில் அதைச் சரளமாக எழுதினார்கள். அணைக்கட்டு 'அனிகட்' ஆனது. நீர் பாயும் வயல்பரப்பான ஆயக்கட்டு அவர்கள் எழுத்தில் 'அயகட்' ஆனது. குடிமராமத்தையும் அவர்கள் விடவில்லை. மராமத்து என்பதே அரபி, பாரசீகம் வழியாக நமக்கு வந்த சொல். ஊர்க்காரர்கள் கூடிக் கரையைச் செப்பனிடும் பழைய வழக்கத்தை 1858ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயக் கடமையாக்கியது. குடிமராமத்துச் சட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 1883இல் மாகாணம் முழுவதும் கண்மாய்களை அளந்து, கரை உயரத்தையும் மடையின் அளவையும் குறித்து, பழுது நீக்கும் திட்டம் தொடங்கியது. டேங்க் ரெஸ்டோரேஷன் ஸ்கீம் என்று அதற்குப் பெயர். மதகு மதகாகப் பதிவு செய்த அந்தக் கணக்குகளின் அருமையை மறுக்க முடியாது.

ஆனால் அந்தப் பதிவேட்டில் ஒரு பெரிய இழப்பும் நடந்தது. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரி, தாங்கல், மதுரை, இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையின் கண்மாய், ஏந்தல், நெல்லையிலும் கொங்கிலும் குளம், ஊர் குடிக்கும் ஊருணி, மாடு குளிக்கும் குட்டை, கோயிலின் தெப்பக்குளம். தமிழில் ஒவ்வொன்றும் யாருக்கான நீர், யார் பராமரிக்க வேண்டியது, அதில் இறங்கிக் குளிக்கலாமா, குடிக்க மட்டுமா என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடும். தெலுங்கின் செருவும் கன்னடத்தின் கெரெயும் இப்படித்தான். கலெக்டர் அலுவலகக் கணக்கில் அத்தனையும் டேங்க் என்ற ஒரே தலைப்பின் கீழ் போய் விழுந்தன. வரி விதிக்க அது போதுமானதாக இருந்தது. நீரைப் புரிந்துகொள்ள அது போதவில்லை.

வண்டியூரின் இரண்டு நீர்நிலைகளையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் இது விளங்கும்.

கண்மாய்க்கு நாலு கரை கிடையாது. சரிவு இறங்கும் பக்கத்தில் பிறை வடிவத்தில் மண்கரை போட்டு, மேட்டுப் பக்கத்தைத் திறந்து விட்டுவிடுவார்கள். மேட்டிலிருந்து வரும் நீர் தானாக வந்து உள்வாயில் நிற்கும். சிறுமலை அடிவாரத்துச் சாத்தையாற்று நீர், வழியில் உள்ள கண்மாய்களை ஒவ்வொன்றாக நிரப்பிவிட்டு வண்டியூர்க் கண்மாய்க்கு வந்து, மிஞ்சியது வைகையில் விழும். மேல் கண்மாய் நிறைந்தால் 'மறுகால் பாயுது' என்பார்கள்; அந்த மறுகால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. ஒரு கண்மாயை மட்டும் தனியே எடுத்துப் பேசுவதில் பொருளில்லை.

கரையின் அடியில் மடை. பெரிய கண்மாய்களில் பழைய குமிழி மடைகளை இன்றும் காணலாம். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, நீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். தூண்களை இணைக்கும் கல்பலகைகளுக்குக் கீழே, தரையோடு தரையாக, ஒரு கல் தொட்டி. அதன் மேல்துளையை ஓர் அடைப்பு மூடியிருக்கும். பயிருக்கு நீர் வேண்டும் நாளில் ஒருவர் நீந்திப் போய், மூச்சடக்கி மூழ்கி, அந்த அடைப்பைத் தூக்கிவிட வேண்டும். நீர் கரைக்கு அடியில் உள்ள சுரங்கம் வழியாக வாய்க்காலுக்குப் பாயும். கண்மாய் நிறைந்திருக்கும்போது அந்த வேலை உயிரைக் கையில் பிடித்துச் செய்வது. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்று பங்கிட ஊரில் நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் ஓர் ஆள் இருப்பார். கூலி அறுவடையில் நெல்லாக வரும். வண்டியூர்க் கண்மாயை ஒட்டிய குடியிருப்பின் பெயர் மேலமடை. மடை இன்னும் ஊர்ப்பெயரில் உயிரோடு இருக்கிறது.

தெப்பக்குளம் வேறு உலகம். திருமலை நாயக்கர் 1645 வாக்கில் வெட்டியது. ஏறத்தாழ 1,000 அடி நீளம், 950 அடி அகலம். தம் அரண்மனைக்குச் செங்கல் சுட மண்ணெடுத்த பள்ளத்தைத்தான் நாயக்கர் குளமாக்கினார் என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படுவது. மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் அப்போது தோண்டியெடுக்கப்பட்டவர் என்றும் சொல்வார்கள். தைப்பூசத்தில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் இங்கே வந்து தெப்பம் ஏறுகிறார்கள். கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றி வரும். குளத்தில் நீர் இல்லாத ஆண்டுகளில் தெப்பம் நகராது. அதற்கு நிலைத் தெப்பம் என்று பெயர். இந்தக் குளத்து நீர் எந்த வயலுக்கும் பாய்வதில்லை. இதற்கு மடை இல்லை, ஆயக்கட்டு இல்லை. இதையும் கண்மாயையும் ஒரே சொல்லால் அழைப்பதில் உள்ள சங்கடம் இதுதான்.

மதுரையின் பழம்பெயரிலேயே நீர்நிலை உண்டு. பாண்டியர் கல்வெட்டுகள் நகரை 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று குறிக்கின்றன. மாடக்குளம் கண்மாயின் கீழ் இருக்கும் மதுரை என்று பொருள். தலைநகருக்கே முகவரி ஒரு கண்மாய்தான்.

1895இல் ஆங்கிலப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், பேரணையில் தடுக்கப்பட்டு மதுரை, மேலூர்ச் சமவெளிக்குத் திரும்பியது. வானத்தை நம்பியிருந்த பல கண்மாய்கள் கால்வாயை நம்பத் தொடங்கின. ஆவணங்களில் புதிய அடைமொழி முளைத்தது. கால்வாய் நீர் பெறுபவை 'சிஸ்டம் டேங்க்'. மழையை மட்டும் நம்புபவை 'நான்-சிஸ்டம் டேங்க்'. ஜமீன் ஒழிந்த பிறகு 'எக்ஸ்-ஜமீன் டேங்க்' வந்தது. 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் முன்பு பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை; குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 நீர்நிலைகள் இப்படிப் பிரித்து எழுதப்பட்டிருக்கின்றன.

இதற்கிடையில் ஆங்கிலேயரின் சொந்த நாட்டில் இந்தச் சொல் உருமாறிக்கொண்டிருந்தது. அங்கே மழைக்குக் குறைவில்லை, கண்மாய் தேவைப்படவில்லை. எனவே குளம் என்ற பொருள் மெல்ல உதிர்ந்து, நீரோ எண்ணெயோ வாயுவோ அடைக்கும் பெட்டி என்ற பொருள் நின்றது. கப்பலில் டேங்க், ரயில் எஞ்சினில் டேங்க், வீட்டுக் கூரையில் டேங்க். மண்ணாலான நீர்நிலை இரும்புப் பெட்டியாகிவிட்டது. ஆனாலும் ஆக்ஸ்போர்டு பேரகராதியில் இந்தச் சொல்லுக்கு முதலில் வரும் விளக்கம் இந்தியாவின் குளத்தையும் ஏரியையும் பற்றியதுதான்.

பிறகு வந்தது போர். பதுங்கு குழிகளையும் முள்கம்பிகளையும் தாண்டிச் செல்லும் கவச வண்டி ஒன்றை உருவாக்க, கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் 1915 பிப்ரவரியில் ஒரு குழு அமைத்தார். 'தரைக் கப்பல்' என்பதுதான் அப்போது அதன் பெயர். லிங்கன் நகரில் வேளாண் எந்திரங்கள் செய்துவந்த ஃபாஸ்டர் தொழிற்சாலையில் வேலை நடந்தது. தரைக் கப்பல் என்று வெளியே சொன்னால் எதிரிக்கு எல்லாம் விளங்கிவிடும். தொழிலாளர்களிடம், இவை மெசபடோமியாப் பாலைவனத்துக்குத் தண்ணீர் சுமக்கும் வண்டிகள் என்று சொல்லி வைத்தார்கள். மெசபடோமியாவில் அப்போது இந்தியச் சிப்பாய்கள் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே தண்ணீர் இல்லாத கொடுமை எல்லோருக்கும் தெரியும். பொய் நம்பும்படியாக இருந்தது. 1915 டிசம்பர் 24 அன்று ஆவணங்களுக்குப் பொருத்தமான மறைபெயர் தேடியபோது, நீர்த்தேக்கம், தொட்டி, கொள்கலம் என்று பொருள்படும் பல சொற்களை வைத்துப் பார்த்து, கடைசியில் ஓரசையில் நாக்கில் நிற்கும் 'டேங்க்'கைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1916 செப்டம்பர் 15. பிரான்சில் சோம் போர்க்களத்தில், ஃப்ளேர்ஸ் என்ற கிராமத்தின் பக்கம் அவை முதன்முதலாக இறங்கின. 49 வண்டிகள் ஒதுக்கப்பட்டன. தொடக்க இடத்துக்கு வந்து சேர்ந்தவை 32. பல நின்றுபோயின. ஆனால் பெயர் நிற்கவில்லை. ரஷ்ய மொழியும் சீன மொழியும் ஆங்கிலத்தின் ஒலியையே எடுத்துக்கொண்டன. குஜராத்து வீட்டு முற்றத்தில் குடிநீரைக் காத்த சொல் இப்படிக் கொலைக் கருவியின் பெயரானது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

அந்த வண்டி தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஆவடியில் 1961இல் தொடங்கிய கனரக ஊர்தித் தொழிற்சாலையில் 1965 இறுதியில் முதல் 'விஜயந்தா' வெளிவந்தது. பின்னாளில் 'அர்ஜுன்' இங்கேதான் தயாரானது. ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டுச் சீமையில் டேங்க் என்றால் இரும்பு என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது.

மற்ற பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கக் கொச்சையில் 'திங்க் டேங்க்' என்பது முதலில் மனிதனின் மண்டையைக் குறித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் சிந்தனைக் குழாமைக் குறித்தது. கையில்லாத பனியனுக்கு 'டேங்க் டாப்' என்ற பெயர் வந்தது நீச்சல் குளத்தில் போட்ட உடையிலிருந்து. நீச்சல் குளத்துக்கும் ஒரு காலத்தில் டேங்க் என்றே பெயர். டென்னிஸில் வேண்டுமென்றே தோற்பதையும் இந்தச் சொல்லால் குறிக்கிறார்கள்.

நமக்கு இது திரும்பி வந்த விதம்தான் கவனிக்கத்தக்கது. ஏரியை டேங்க் என்று எழுதியவர்கள் அதிகாரிகள்; மக்கள் அதை ஏற்கவில்லை. மாடக்குளத்துக்காரர் இன்றும் கண்மாய் என்றுதான் சொல்வார். ஆனால் பெட்டி வடிவில் வந்த டேங்க்கை எல்லோரும் வாரி அணைத்துக்கொண்டார்கள். அரசுப் பலகையில் 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி' என்றிருக்கும். தெருவில் அது டேங்க். அதன் வால்வைத் திறந்து மூடும் ஊராட்சி ஊழியர் டேங்க் ஆபரேட்டர். பழைய நீர்க்கட்டியின் வேலை, புதிய பெயரில். பைக்குக்கு டேங்க் ஃபுல். தண்ணீர் இல்லாத மாதத்தில் தெருவுக்கு வருவது டேங்கர் லாரி. மாடியில் இருப்பதை சின்டெக்ஸ் என்றே அழைக்கும் வீடுகள் ஏராளம். அந்தப் பிளாஸ்டிக் தொட்டியைச் செய்து இந்தியா முழுவதும் பரப்பிய நிறுவனம் குஜராத்தின் கலோல் நகரில் ஒரு பஞ்சாலையாகத் தொடங்கியது. சொல்லும் தொட்டியும் ஒரே மாநிலத்திலிருந்து, முன்னூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் வந்திருக்கின்றன.

ஈழத்தமிழர் இன்னும் அழகாகச் செய்தார்கள். அவர்களுக்கு டேங்க் என்பது 'தாங்கி'. ஒலியும் கெடவில்லை, தாங்குவது என்ற பொருளும் பொருந்திவிட்டது. நீர்த்தாங்கி, யுத்தத் தாங்கி இரண்டும் அங்கே வழக்கில் உள்ளவை. இரணைமடுவையும் மன்னாரின் கட்டுக்கரையையும் ஆங்கிலம் டேங்க் என்று எழுதினாலும், அவர்கள் குளம் என்ற சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. குளம் வேறு, தாங்கி வேறு. கிளிநொச்சியில் 2009 ஜனவரியில் போர் நகர்ந்து போனபோது, ஊருக்குக் குடிநீர் தந்த பெரிய நீர்த்தாங்கி அடியோடு சாய்ந்து கிடந்தது. நீர்த்தாங்கியும் யுத்தத் தாங்கியும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்துவிட்ட ஊர் அது.

தமிழ்நாட்டில் அந்த வேறுபாட்டைக் காக்கத் தவறியதற்கு விலை கொடுத்தோம். சென்னையில் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த 'லாங் டேங்க்' 1920களில் வற்றவைக்கப்பட்டு தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்ற பெயர் இருக்கிறது. கரையும் இல்லை, ஏரியும் இல்லை. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை 2004இல் திறக்கப்பட்ட இடம் உலகனேரிக் கண்மாய்ப் பகுதி. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகள் அங்கேதான் விசாரணைக்கு வருகின்றன. வண்டியூர்க் கண்மாயின் கீழிருந்த வயல்கள் பெரும்பாலும் வீட்டுமனைகளாகிவிட்டன. ஆயக்கட்டு போன பிறகு, கண்மாய் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. கேள்விக்கு விடையாகப் பூங்காவும் நடைபாதையும் வருகின்றன. காலையில் நடப்பதற்கு நல்ல இடம் கிடைத்ததில் தவறில்லை. ஆனால் கண்மாயை நாலு பக்கமும் கரை கட்டிய தொட்டியாக நினைத்து வேலை செய்தால், திறந்திருக்க வேண்டிய மேட்டுப் பக்கம் அடைபட்டு, வரத்து நின்றுபோகும். கழிவுநீர் மட்டும் வந்து சேரும். மழைக்காலத்தில் வழி தேடும் நீர் குடியிருப்புகளுக்குள் போகும்.

தெப்பக்குளத்தில் இதற்கு மாறான ஒரு காரியம் நடந்திருக்கிறது. பல ஆண்டுகள் வறண்டு, பையன்கள் கிரிக்கெட் ஆடும் திடலாகக் கிடந்த குளத்துக்கு, வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாக நீர் கொண்டுவந்தார்கள். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. தூர்ந்து கிடந்த பழைய வரத்துக் கால்வாயைச் சீர்செய்து, ஆற்றில் நீர் வரும்போது திறந்துவிட்டார்கள். நிலைத் தெப்பம் பார்த்துப் பழகியவர்கள், வடம் இழுக்கத் தெப்பம் நீரில் நகர்வதைக் கண்டார்கள். வண்டியூர்க் கண்மாய்க்கு வரும் வரத்துக் கால்களிலும் இதே வேலை செய்யலாம். அதற்கு முதலில் மேலே உள்ள கண்மாய்கள் ஒவ்வொன்றும் மறுகால் பாய வேண்டும்.